கால்கள் மறப்பதில்லை

பிள்ளை வளர்ப்புப் பகுதி



இம்மாதம் நமக்கு வந்த மடல்களுள் ஒன்று ஸ்ரீநகரிலிருந்து வந்திருக்கிறது. கணவரின் பணி காரணமாக அங்குக் குடியேறியுள்ள தமிழ்ச் சகோதரி ஒருவர் எழுதியுள்ளார். அவருடைய மடலின் சாரம் இது:

“என் மகளுக்கு ஏழு வயது. சென்ற குளிர்காலத்தில் குல்மர்க்கில் பனிச்சறுக்குக் கற்றுக்கொண்டாள். மார்ச் மாதம் பயிற்சி முடிந்தபோது, ஒருவர் கையையும் பிடிக்காமல் ஒரு சரிவு முழுவதையும் வளைந்து வளைந்து இறங்கி வந்தாள். நானும் அவள் வாப்பாவும் கண் குளிரக் கண்டோம். இவ்வாண்டு பனி தாமதமாகத்தான் விழுந்தது. விழுந்த முதல் ஞாயிறன்றே அவளை அழைத்துச் சென்றோம். நாட்கள் குறைவு என்பதால், சென்ற ஆண்டு அவள் கடைசியாக இறங்கிய அதே சரிவின் உச்சிக்கே அவள் வாப்பா கூட்டிப்போனார். பாதித் தொலைவு வருவதற்குள் வேகம் மிஞ்சி விழுந்துவிட்டாள். அடி பெரிதில்லை. ஆனால், ‘போன வருஷம் செய்ததுதானே, இப்போது ஏன் பயப்படுகிறாய்?’ என்று எல்லோர் முன்னிலையிலும் அவர் கடிந்துகொண்டார். அன்றிலிருந்து ஞாயிறு வந்தால் வயிற்றுவலி என்கிறாள். ‘எனக்கு எல்லாம் மறந்துபோச்சு உம்மா’ என்று அழுகிறாள். எனக்கோ அந்தக் கலையில் அரிச்சுவடியும் தெரியாது. நான் என்ன செய்வது?”

சகோதரியே! உங்கள் மகள் எதையும் மறக்கவில்லை. அவள் கால்கள் கற்றது அவள் கால்களிலேயே இருக்கிறது. அதை வெளிக்கொணர்வதற்கு ஒரு முறை உண்டு. நீங்கள் பனியில் சறுக்கத் தெரிந்தவராக இருக்கவேண்டும் என்ற கட்டாயமும் இல்லை. பொறுமை தெரிந்தால் போதும்.

மறந்தது எது? மறவாதது எது?

உடல் ஒருமுறை நன்கு பழகிய செயலை எளிதில் இழப்பதில்லை. சிறு வயதில் மிதிவண்டி ஓட்டிப் பழகியவர், இருபது ஆண்டுகள் கழித்து ஏறினாலும் சற்றுத் தள்ளாடிவிட்டு ஓட்டிவிடுகிறார் அல்லவா? பனிச்சறுக்கும் அவ்வாறே. அப்படியானால் உங்கள் மகள் ஏன் விழுந்தாள்?

மூன்று காரணங்கள் உண்டு. முதலாவது, அவள் உடல் மாறிவிட்டது. இந்த வயதுக் குழந்தை ஓர் ஆண்டில் ஏறத்தாழ 5 அல்லது 6 சென்டிமீட்டர் உயர்கிறது. எடையும் இரண்டு மூன்று கிலோ கூடுகிறது. சென்ற மார்ச்சில் சமநிலை பயின்ற கால்கள் குட்டையானவை. இப்போது அவள் நிற்கும் கால்கள் நெடியவை. புதிய உடலை அவள் புதிதாக அளந்துகொள்ள வேண்டியிருக்கிறது.

இரண்டாவது, தசைகள் ஓய்ந்துவிட்டன. முழங்காலைச் சற்று மடக்கிய நிலையிலேயே நெடுநேரம் நிற்கும் வேலையைத் தொடைகள் எட்டொன்பது மாதங்களாகச் செய்யவில்லை. அவை விரைவில் தளர்கின்றன. தளர்ந்த கால் சொன்னபடி கேட்பதில்லை.

மூன்றாவது, அவள் அறிவு வளர்ந்துவிட்டது. சென்ற ஆண்டு ஆறு வயதில் சரிவின் உச்சியில் நின்றபோது, விழுந்தால் என்னவாகும் என்று அவள் எண்ணிப்பார்க்கவில்லை. இன்று எண்ணிப்பார்க்கிறாள். அதைக் கோழைத்தனம் என்று கருதிவிடாதீர்கள். பின்விளைவை முன்கூட்டியே காணும் ஆற்றல் அவளுக்கு வந்திருக்கிறது, அவ்வளவுதான். பல பெற்றோர் இந்த வளர்ச்சியைத்தான் பின்னடைவு என்று எண்ணி ஏமாந்துபோகின்றனர்.

முதலில் பூட்ஸைப் பாருங்கள்

மனத்தைத் தேற்றுவதற்கு முன் கருவிகளைச் சோதியுங்கள். பனிச்சரிவில் அழும் குழந்தைகளுள் பலர் அச்சத்தால் அழுவதில்லை. கால் வலியாலும் குளிராலும் அழுகின்றனர். அதை எடுத்துச் சொல்லத் தெரிவதில்லை.

சென்ற ஆண்டுப் பூட்ஸ் இவ்வாண்டு பொருந்தாது. அதற்காக, ‘வளரும் பிள்ளைதானே’ என்று நாம் பெருநாளைக்குச் செருப்பு வாங்கும்போது செய்வதுபோல ஓர் அளவு பெரிதாக எடுத்துவிடவும் கூடாது. பெரிய பூட்ஸுக்குள் பாதம் நழுவினால், குழந்தை கால் திரும்பும், பலகை திரும்பாது. நிமிர்ந்து நிற்கையில் கால்விரல் நுனி முன்புறத்தை மெல்லத் தொடவேண்டும். முழங்காலை முன்னே மடக்கினால் விரல்கள் சற்றுப் பின்வாங்க வேண்டும். குதிகால் மேலே எழக் கூடாது. இதுவே சரியான அளவு. காலுறை ஒன்றே ஒன்று போதும். குளிருக்கு இரண்டாக அணிவித்தால் மடிப்பு விழுந்து அழுத்தும். இரத்த ஓட்டம் குறைந்து பாதம் முன்னிலும் அதிகமாகச் சில்லிடும்.

சறுக்குப் பலகையின் நீளம், நிறுத்திப் பார்த்தால் குழந்தையின் நெஞ்சுக்கும் தாடைக்கும் இடைப்பட்டதாக இருக்கலாம். பருவத் தொடக்கத்தில் குட்டையான பலகையே நல்லது. அது எளிதாகத் திரும்பும்.

எல்லாவற்றிலும் முக்கியமானது, பூட்ஸைப் பலகையோடு இணைக்கும் பைண்டிங். விழும்போது தானாகவே கழன்று காலை விடுவிப்பதே அதன் பணி. எவ்வளவு விசைக்கு அது கழலவேண்டும் என்பது குழந்தையின் எடை, உயரம், வயது, பூட்ஸ் அடிப்பாகத்தின் நீளம், திறமை ஆகியவற்றைக் கொண்டு கணக்கிடப்படுவது. மிக இறுக்கமாக இருந்தால் விழும்போது பலகை கழலாமல் காலை முறுக்கும். முழங்காலுக்குக் கீழுள்ள எலும்பு முறிவதற்கு இது ஒரு முக்கியக் காரணம். மிகத் தளர்வாக இருந்தால் வேண்டாத வேளையில் கழன்று குழந்தையை வீழ்த்திவிடும். வாடகைக்கு எடுத்தாலும் சொந்தமாக வைத்திருந்தாலும், ஒவ்வொரு பருவத்திலும் தெரிந்தவரிடம் கொடுத்து இதைப் புதிதாக அமைத்துக்கொள்ளுங்கள். மகளின் இப்போதைய எடையை நீங்களே வாய்விட்டுச் சொல்லுங்கள். கூச்சப்படாதீர்கள்.

தலைக்கவசம் அசையாமல் பொருந்தவேண்டும். குல்மர்க் ஏறத்தாழ 2650 மீட்டர் உயரத்தில் இருப்பது; அங்கே வெயிலின் கடுமை பனியில் பட்டுத் திரும்பி மேலும் கூடும். ஆகவே கண்ணாடி அவசியம். கையுறை நனைந்தால் மாற்ற இன்னொரு சோடி உங்கள் பையில் இருக்கட்டும்.

வீட்டிலேயே தொடங்குங்கள்

அடுத்த ஞாயிறு அவளை மலைக்கு அழைத்துச் செல்லாதீர்கள். ஒரு வாரம் வீட்டுக்குள்ளேயே விளையாடுங்கள். பல் துலக்கும்போது ஒற்றைக் காலில் நிற்கச் சொல்லுங்கள். தரையில் ஒரு கோலை வைத்து, இரு கால்களையும் சேர்த்து இப்பக்கமும் அப்பக்கமும் தாண்டச் சொல்லுங்கள். கம்பளத்தின்மீது காலுறையோடு நின்று, கால்விரல்களை நெருக்கி, குதிகால்களை விரித்து முக்கோணம் போடச் சொல்லுங்கள். நாளுக்குக் கால்மணி நேரம் பூட்ஸை அணிந்து வீட்டுக்குள் வாத்துபோல நடக்கட்டும்.

இப்போது ஒரு தந்திரம் சொல்கிறேன். உங்களுக்குப் பனிச்சறுக்குத் தெரியாது என்பதைக் குறையாகக் கருதி எழுதியிருக்கிறீர்கள். அதுதான் உங்கள் பெரும் பலம். “எனக்கு ஒன்றும் தெரியாதே, நிற்பது எப்படி என்று உம்மாவுக்குக் கற்றுக்கொடு” என்று கேளுங்கள். அவள் செய்துகாட்டுவாள். ‘எல்லாம் மறந்துபோச்சு’ என்று சொன்ன அதே வாயால், உங்கள் முழங்கால் சரியாக மடங்கவில்லை என்று திருத்துவாள்! தனக்குத் தெரியும் என்பதை அவள் தானாகவே கண்டுகொள்ளும் அந்த நொடிக்கு ஈடான பயிற்சி வேறில்லை.

முதல் நாள் பாடம்

ஆஸ்திரியாவின் ஆர்ல்பர்க் மலைப்பகுதியில் பிறந்த ஹன்னஸ் ஷ்னைடர் (1890–1955) என்பவர் 1907-இல் சறுக்குக் கற்பிக்கத் தொடங்கியவர். மேதைகள் மட்டும் பழகும் வித்தையாக அதைக் கருதாமல், யாரும் ஏறக்கூடிய படிகளாக அதைப் பிரித்துக் கற்பித்தார். முதலில் கலப்பை நிலை. பிறகு அதிலேயே திரும்புதல். பிறகு பலகைகளை மெல்ல மெல்ல இணைத்தல். குழந்தைகளுக்குக் கற்பிக்கும் முறை இன்றும் பெரும்பாலும் இந்தப் படிக்கட்டைத்தான் பின்பற்றுகிறது. பருவத் தொடக்கத்தில் நாம் செய்யவேண்டியது, மேல்படியில் நின்று தடுமாறும் பிள்ளையைக் கீழ்ப்படிக்கு அழைத்துவந்து, மறுபடியும் ஏறவிடுவதுதான். ஏற்கெனவே ஏறிய படிகள் ஆதலால் இம்முறை விரைவாக ஏறிவிடுவாள்.

ஆகவே முதல் நாள் உச்சிக்குப் போகவேண்டாம், சமதரையில் தொடங்குங்கள். ஊன்றுகோல்கள் வேண்டாம், அவை சிறு கைகளுக்குச் சுமை. ஒரு காலில் மட்டும் பலகையை மாட்டி, மற்றக் காலால் உந்தித் தள்ளி விளையாடட்டும். பிறகு கால் மாற்றட்டும். பிறகு இரண்டையும் மாட்டி நடக்கட்டும். சிறு மேட்டில் பக்கவாட்டாகப் படியேறுவதுபோல ஏறட்டும்.

அடுத்து, வேண்டுமென்றே விழச் சொல்லுங்கள்! பக்கவாட்டில் மெதுவாகச் சாய்ந்து விழுந்து, இரு பலகைகளையும் சரிவுக்குக் குறுக்காகத் தன் உடம்புக்குக் கீழ்ப்புறம் வைத்து, கையை ஊன்றி எழவேண்டும். இதை ஐந்தாறு முறை சிரித்துக்கொண்டே செய்த பிள்ளைக்கு, விழுவது விளையாட்டின் ஒரு பகுதியாகிவிடும். தானே எழத் தெரிந்த பிள்ளைக்கு விழுவதில் பாதி அச்சம் இல்லை.

அதன் பின்னரே சரிவு. அதுவும், முடிவில் சமதரையாகிவிடும் மிக மென்மையான சரிவு. அங்கே நிறுத்தத் தெரியாவிட்டாலும் பலகை தானே நின்றுவிடும். இரண்டு மூன்று முறை நேராக இறங்கிய பிறகு கலப்பை நிலைக்கு வாருங்கள்: பலகைகளின் முன்நுனிகள் நெருங்கியும் பின்முனைகள் விரிந்தும் இருக்கவேண்டும். மேலைநாட்டுப் பயிற்சியாளர்கள் இதைப் பிள்ளைகளிடம் ‘பீட்சாத் துண்டு’ என்பார்கள். நம் வீட்டுப் பிள்ளையிடம் ‘சமோசா’ என்றால் தவறில்லை! பெரிய சமோசா என்றால் நிற்கும். சிறிய சமோசா என்றால் மெல்ல நகரும். இரண்டு பலகைகளும் இணையாக இருந்தால் ‘தண்டவாளம்’, வேகம் கூடும்.

திரும்புவதற்கு, போகவேண்டிய திசையைப் பார்த்துக்கொண்டு எதிர்ப்பக்கக் காலை அழுத்தினால் போதும். இடக்காலை அழுத்தினால் வலப்பக்கம் திரும்பும். வலக்காலை அழுத்தினால் இடப்பக்கம்.

அஞ்சிய குழந்தை செய்யும் தவறு ஒன்று உண்டு. பின்புறமாகச் சாய்ந்து உட்காரும். அச்சம் வந்தால் பின்வாங்குவது மனித இயல்பு. ஆனால் பனிச்சறுக்கில் பின்னே சாய்ந்தால் பலகையின் முன்பகுதி சொல்கேளாது, வேகம்தான் மிஞ்சும். உங்கள் மகள் பாதிச் சரிவில் விழுந்தது பெரும்பாலும் இதனால்தான் இருக்கும். ‘முன்னே சாய், முழங்காலை மடக்கு’ என்று கத்துவதால் பயனில்லை. விருந்தாளிக்குத் தேநீர்த் தட்டு ஏந்தி வருவதுபோலக் கைகளை முன்னே நீட்டி வரச் சொல்லுங்கள். உடல் தானாக முன்வந்துவிடும். முன்கால் எலும்பு பூட்ஸின் முன்பக்கத்தை அழுத்துகிறதா என்று கேளுங்கள். பின்னாலிருந்து வார் கட்டிப் பிடித்துக்கொள்வதைப் பழக்கமாக்காதீர்கள். தன் கால்களை நம்பவேண்டிய பிள்ளை அந்த வாரின்மீது சாய்ந்துகொள்ளும்.

பெரிய சரிவுக்கு எப்போது போவது? நீங்கள் காட்டிய இடத்தில் மூன்று முறை தொடர்ந்து நிறுத்திக் காட்டவேண்டும், இருபக்கமும் திரும்பவேண்டும், விழுந்தால் தானே எழவேண்டும். இம்மூன்றும் வந்தபின், அவளே ‘மேலே போகலாமா?’ என்று கேட்கட்டும். கோண்டோலாவின் மேல்நிலையைப் பற்றி இப்போது எண்ணவே வேண்டாம். ஆஃபர்வாட் மலைத்தோளில் ஏறத்தாழ 3950 மீட்டர் உயரத்தில் அது இறக்கிவிடும் பகுதி செங்குத்தானது. பனிச்சரிவு அபாயமும் உள்ளது. அது தேர்ந்தவர்களுக்கான இடம்.

ஒரு மணி நேரம் போதும்

முதல் நாள் ஒரு மணி நேரத்துக்கு மேல் வேண்டாம். உயரமான இடத்தில் மூச்சும் வலிமையும் விரைவில் குறையும். சிறு உடல் பெரியவர்களைவிட வேகமாகச் சூட்டை இழக்கும். இடையே சூடான பாலோ கஹ்வாவோ இரண்டு பேரீச்சம்பழமோ கொடுங்கள். கன்னத்திலோ மூக்கு நுனியிலோ வெண்மை படர்ந்து உணர்ச்சி குன்றினால் உடனே உள்ளே அழைத்துச் செல்லுங்கள். ‘இன்னும் ஒரே ஒரு தடவை’ என்று அவள் கேட்கும்போது நிறுத்துங்கள். களைத்த கால்களோடு இறங்கும் அந்தக் கடைசித் தடவையில்தான் பல விபத்துகள் நேர்கின்றன. ஆசை மிச்சமிருக்க வீடு திரும்பும் பிள்ளை அடுத்த ஞாயிற்றுக்குக் காத்திருக்கும்.

வாப்பாக்களுக்கு ஒரு சொல்

உங்கள் கணவரையும் நான் குறைகூறமாட்டேன். அவருடைய அவசரத்துக்குக் காரணம் உண்டு. காஷ்மீரில் கடுங்குளிரின் நாற்பது நாட்களாகிய சில்லைக் கலான் டிசம்பர் 21-இல் தொடங்குகிறது. ஆனால் பனி அந்த நாட்காட்டியைப் பார்த்து வருவதில்லை. 2024 ஜனவரியில் பெரும்பகுதி குல்மர்க்கின் சரிவுகள் வெண்மையின்றிப் பழுப்பாகக் கிடந்தன. 2025 பிப்ரவரியில் அங்கு நடக்கவிருந்த தேசியப் பனி விளையாட்டுப் போட்டிகள் பனிக்குறைவால் தள்ளிவைக்கப்பட்டு மார்ச்சில் நடந்தன. கிடைக்கும் சில நாட்களை வீணாக்கக் கூடாது என்று ஒரு தகப்பன் எண்ணுவது இயல்பே.

ஆனால் கணக்கைப் பாருங்கள். சமதரையில் கழியும் அரைநாளை மிச்சம் பிடிக்க எண்ணினார். அதற்காகப் பல ஞாயிறுகளை இழந்திருக்கிறார். பருவம் குறுகியது என்பதனாலேயே முதல் நாளை மெதுவாகச் செலவிடவேண்டும். உலகப் போட்டிகளில் கலந்துகொள்ளும் வீரர்களும் பருவத் தொடக்கத்தில் எளிய சரிவுகளில் அடிப்படைப் பயிற்சிகளோடுதான் தொடங்குகின்றனர். அதை அவர்கள் இழிவாகக் கருதுவதில்லை. குல்மர்க்கில் சறுக்குக் கருவிக் கடை நடத்திய ஒரு தந்தை, தம் மகனை நான்கு வயதிலேயே பலகையில் ஏற்றினார். அந்த மகன் ஆரிஃப் கான், 2022 பெய்ஜிங் குளிர்கால ஒலிம்பிக்கில் இந்தியாவின் ஒரே போட்டியாளராகக் கலந்துகொண்டு, ஜயன்ட் ஸ்லாலம் பிரிவில் 45-ஆம் இடம் பெற்றார். நான்கு வயதுக்கும் அந்த நாளுக்கும் இடையே எத்தனை குளிர்காலங்கள், எத்தனை முதல் நாட்கள் என்பதை உங்கள் கணவர் எண்ணிப்பார்க்கட்டும்.

‘போன வருஷம் செய்தாயே’ என்ற சொல்லை வீட்டிலிருந்தே விலக்கிவிடுங்கள். ஊக்கம் தருவதாக நாம் எண்ணிச் சொல்கிறோம். குழந்தையின் காதில் அது குற்றச்சாட்டாக விழுகிறது. ‘இன்று கால்களுக்கு ஞாபகப்படுத்துவோம்’ என்று சொல்லிப் பாருங்கள். குற்றம் அவள்மீது இல்லாமல் போகிறது. எல்லோர் முன்னிலையிலும் கடிந்த வாப்பா, தனிமையிலாவது, ‘நான்தான் அவசரப்பட்டுவிட்டேன்’ என்று அவளிடம் சொல்லட்டும். அதனால் தகப்பனின் மதிப்புக் குறையாது. சரிவின் கீழே நிற்கும் வாப்பாவின் முகம் தன்னை அளக்கவில்லை என்று தெரிந்தால்தான் அவள் கால்கள் இளகும்.

அவளுடைய வயிற்றுவலியைப் பொய் என்று எண்ணாதீர்கள். சிறு பிள்ளைகளின் அச்சம் பல நேரங்களில் வயிற்று வழியாகத்தான் பேசும். ஞாயிறு அல்லாத நாட்களிலும் வலித்தால் மருத்துவரிடம் காட்டிவிடுங்கள்.

நம் ஊர்ப் பிள்ளைகளுக்கும்

பனியையே கண்டிராத வாசகியர், ‘இது நமக்கு எதற்கு?’ என்று கேட்கலாம். கிணற்றிலும் வாய்க்காலிலும் நீந்தப் பழகிய பிள்ளை, ஓராண்டு கழித்துத் தண்ணீரைக் கண்டு தயங்குவதை நீங்கள் பார்த்ததில்லையா? கோடை விடுமுறையில் மிதிவண்டி பழகிய மகன், அடுத்த கோடையில் உயரமான வண்டியின்முன் நின்று விழிப்பதில்லையா? அங்கும் இதே முறைதான். ஆழமில்லாத இடத்தில் தொடங்குங்கள். சென்ற ஆண்டின் கடைசிப் பாடத்தை இவ்வாண்டின் முதல் பாடமாக வைக்காதீர்கள்.

ஸ்ரீநகர்ச் சகோதரியே! அந்தப் பெரிய சரிவு அங்கேயேதான் இருக்கப்போகிறது. இந்தப் பருவத்தில் இல்லாவிட்டால் அடுத்த பருவத்தில் உங்கள் மகள் இறங்குவாள், இன்ஷா அல்லாஹ். மீண்டும் மடல் எழுதுங்கள். வயிற்றுவலி எந்த ஞாயிற்றுக்கிழமை நின்றது என்பதையும், நீங்கள் சமோசா போடக் கற்றுக்கொண்டீர்களா என்பதையும் மறவாமல் குறிப்பிடுங்கள்.